முதன்மைக் கருத்தைக் கண்டறிவது எப்படி?

ஒரு பத்தி வலியுறுத்தும் செய்தியே முதன்மைக் கருத்து. அதை ஏற்கச் செய்யும் காரணமும் சான்றும் துணைக் கருத்துகள்.

“ரப்பர் மரத்தை விடியற்காலையிலேயே சீவ வேண்டும். வெயில் ஏறினால் பால் வடிவது குறைந்துவிடும். அதனால் தொழிலாளர்கள் தலைவிளக்குடன் இருட்டிலேயே புறப்படுவர்.”

முதல் வாக்கியத்திடம் ‘ஏன்?’ என்று கேட்டால் இரண்டாவது வாக்கியம் பதில் தருகிறது, அதுவே காரணம். மூன்றாவது, விளைவு மட்டுமே. கருத்துணர்தலில் மாணவர்கள் பலர் தடுமாறுவது இங்கேதான்.

‘ஏனெனில்’ என்ற சொல்லை அடுத்துக் காரணம் வரும். ‘ஆகவே’, ‘எனவே’ ஆகியவற்றை அடுத்துப் பெரும்பாலும் முடிவு வரும். முதன்மைக் கருத்து எப்போதும் முதல் வரியில் இருக்காது, இறுதியிலும் வரலாம்.

கைப்பேசியில் பரவும் தகவலிடமும் ‘ஏன்?’ என்று கேட்கலாம். பதில் இல்லையென்றால், அதை அப்படியே நம்பிவிட வேண்டியதில்லை.