தடுக்கப்பட்ட குரல்: பின்ட்டரின் மேடை, ரேடியோ, டி.வி.

ஹெரால்ட் பின்ட்டரை நாம் இரண்டாக வெட்டி வைத்திருக்கிறோம். 1957இல் எழுதத் தொடங்கியவர் ஒருத்தர்: மூடிய அறை, விளங்காத அச்சம், நீண்ட மௌனம் - 'அபத்த நாடகக்காரர்'. 1984க்குப் பிறகு எழுதியவர் இன்னொருத்தர்: சித்திரவதை, சிறை, மொழித்தடை - 'அரசியல் நாடகக்காரர்'. முன்னவரைக் கலைவாதிகள் எடுத்துக்கொண்டார்கள், பின்னவரை நாம் எடுத்துக்கொண்டோம். பாகப்பிரிவினை சுமுகமாக முடிந்துவிட்டது. இந்தப் பிரிவினையே பொய் என்பதுதான் என் வாதம். பிரதிகளை மட்டும் புரட்டினால் இது பிடிபடாது. எந்த நாடகம் எந்த ஊடகத்தில் முதலில் வந்தது, ஏன் அங்கே போய் நின்றது என்று கேட்கவேண்டும்.

லண்டன் ஹாக்னியில் 1930இல் ஒரு யூதத் தையல்காரரின் மகனாகப் பிறந்தவர் பின்ட்டர். பதினெட்டு வயதில் கட்டாய ராணுவச் சேவைக்குப் போக மறுத்து அபராதம் கட்டியவர். அதாவது, அரசோடு அவருக்கு இருந்த வழக்கு 1984இல் தொடங்கியதல்ல. ஊர் ஊராகப் போகும் நாடகக் குழுக்களில் டேவிட் பாரன் என்ற பெயரில் நடித்துக்கொண்டிருந்த அவருடைய 'பர்த்டே பார்ட்டி' 1958 மே மாதம் லண்டனில் மேடையேறியது. ஒரு விடுதியில் ஒதுங்கிக் கிடக்கும் ஸ்டான்லியைத் தேடி இரண்டு பேர் வருகிறார்கள். கேள்வி மேல் கேள்வி கேட்டே அவனை உடைக்கிறார்கள். மறுநாள் காலை சவரம் செய்து, நல்ல உடுப்பு மாட்டி அழைத்துப் போகும்போது அவன் தொண்டையிலிருந்து சத்தம்தான் வருகிறது, சொல் வரவில்லை. 'புரியவில்லை' என்றார்கள் விமர்சகர்கள். ஒரு வாரத்தில் நாடகம் நின்றுபோனது. ஹெரால்ட் ஹாப்சன் என்ற ஒரே ஒரு விமர்சகர் மட்டும் பெரிதாகப் பாராட்டினார். அது அச்சில் வந்தபோது நாடகம் முடிந்திருந்தது.

டிக்கெட் விற்றால்தான் மேடை. விற்காதவனுக்கு எங்கே இடம்? பி.பி.சி.யின் மூன்றாம் நிகழ்ச்சி அலைவரிசை அப்போது அந்த இடத்தைக் கொடுத்தது. நாடகப் பிரிவில் இருந்த டொனால்ட் மெக்வின்னியும் பார்பரா பிரேயும் அவரிடம் எழுதி வாங்கினார்கள். அப்படி வந்ததுதான் 1959 ஜூலையில் ஒலிபரப்பான 'எ ஸ்லைட் ஏக்'. பங்களா வாசலில் நிற்கும் ஒரு தீப்பெட்டி விற்கும் கிழவனை ஒரு கணவனும் மனைவியும் உள்ளே அழைத்துப் பேசுகிறார்கள். கிழவன் கடைசிவரை ஒரு வார்த்தை பேசுவதில்லை. ரேடியோவில் இதற்கு என்ன அர்த்தம்? பேசாதவன் அங்கே இருக்கிறானா என்பதே கேட்பவனுக்குத் தெரியாது. வசதியுள்ளவர்களின் பயம் கற்பித்துக்கொண்ட ஏழையா, உண்மையிலேயே வந்து நிற்கும் ஏழையா? 1961இல் அதே நாடகம் மேடைக்கு வந்தபோது கிழவன் உடம்போடு நின்றான், சந்தேகம் போய்விட்டது. பின்ட்டரின் மௌனம் ஏதோ தத்துவப் புகைமூட்டம் என்று சொல்லிக்கொண்டிருந்தோமே, அது முதலில் ஒரு தொழில்நுட்பப் பிரச்சினை. யாருடைய குரல் பதிவாகிறது, யாருடையது பதிவாவதில்லை என்ற கேள்வி.

அடுத்தது டி.வி. 1960 மார்ச் மாதம், மேடையில் ஒரு வாரம்கூடத் தாங்காத அதே 'பர்த்டே பார்ட்டி'யை வணிகத் தொலைக்காட்சி ஒளிபரப்பியது. அடுத்த மாதம் 'எ நைட் அவுட்' வந்தது. முதலில் பி.பி.சி. ரேடியோவில் வந்த அந்த நாடகம், சிட்னி நியூமன் தயாரித்த 'ஆர்ம்சேர் தியேட்டர்' வரிசையில் லட்சக்கணக்கான வீடுகளுக்குள் போனது. மூன்று நாள் கழித்துத்தான் 'கேர்டேக்கர்' மேடையேறி அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது. இயக்கியவர் ரேடியோக்காரரான அதே மெக்வின்னி. 'சாதாரண ஜனங்களுக்குப் புரியாது' என்று சொன்னவர்கள் யார் சார்பில் பேசினார்கள் என்பது இப்போது விளங்கும். சாதாரண ஜனங்கள் சாப்பிட்டுக்கொண்டே பார்த்தார்கள். புரியாமல் போனது விமர்சகர்களுக்குத்தான்.

அதற்காக ஊடகங்களைக் கொண்டாடவேண்டியதில்லை. 1958இலேயே பி.பி.சி. ரேடியோவுக்கென்று அவர் யோசித்த கருவிலிருந்து உருவானது 'ஹாட்ஹவுஸ்'. ஓர் அரசு மனநலக் காப்பகம், எண்களால் அழைக்கப்படும் நோயாளிகள், மின்சார நாற்காலியில் உட்காரவைத்து விசாரிக்கப்படும் ஓர் ஊழியன். ரேடியோவிலும் வரவில்லை, மேடையிலும் வரவில்லை. எழுதியவரே ஒதுக்கி வைத்தார். 1980இல்தான் மேடையேறியது. 'அரசியல் பின்ட்டர்' இருபத்திரண்டு வருஷம் மேசை இழுப்பறையில் கிடந்தார் என்று இதைச் சொல்லலாம்.

தணிக்கையின் கதை இன்னும் கூர்மையானது. பிரிட்டனில் 1737 முதல் எந்த நாடகமும் லார்ட் சேம்பர்லின் என்ற அரண்மனை அதிகாரியின் அனுமதி பெற்றே மேடையேற முடியும். அதே பிரிட்டிஷ் ஆட்சி நமக்கு 1876இல் நாடக நிகழ்ச்சிச் சட்டத்தைப் போட்டதும் இந்த மரபில்தான். 1967இல் பின்ட்டர் 'லேண்ட்ஸ்கேப்' எழுதினார். ஒரு சமையலறை. பெத் கடற்கரையில் கழிந்த பழைய காதலை மெல்லப் பேசுகிறாள். டஃப் கொச்சையாகப் பேசுகிறான். ஒருவர் குரல் இன்னொருவர் காதில் விழுவதே இல்லை. டஃப்பின் கொச்சைச் சொற்களை வெட்டச் சொன்னார் அதிகாரி. பின்ட்டர் மறுத்தார். ஒலிபரப்பு அந்த அதிகாரியின் எல்லைக்கு வெளியே என்பதால் 1968 ஏப்ரலில் நாடகம் ரேடியோவில் முழுசாக வந்தது, பெக்கி ஆஷ்கிராஃப்ட்டின் குரலில். அந்த வருஷம் செப்டம்பரில் மேடைத் தணிக்கையே ஒழிந்தது. 1969இல் நாடகம் மேடைக்குப் போனது. ஒரு கதவு சாத்தியிருந்தால் இன்னொன்றைத் தட்டுவது: மூன்று ஊடகங்களிலும் அவர் இயங்கியதைப் 'பன்முகத் திறமை' என்று மட்டும் மெச்சினால் இந்தச் சாத்திய கதவுகள் கண்ணில் படாமல் போகும்.

1985 மார்ச்சில் ஆர்தர் மில்லரோடு சர்வதேச எழுத்தாளர் அமைப்பான பென் சார்பில் துருக்கி போய்வந்தார். குர்துகளுக்கு 'மலைத் துருக்கியர்' என்று பெயர் சூட்டி, அவர்களுடைய மொழியைப் பெயர் சொல்லாமலே தடைசெய்த 1983ஆம் வருஷச் சட்டம் 1991 வரை அங்கே இருந்தது. 1988இல் 'மவுண்டன் லாங்வேஜ்' வந்தது, மலை மொழி. இருபது நிமிஷ நாடகம். அக்டோபரில் நேஷனல் தியேட்டர், டிசம்பரில் பி.பி.சி. டி.வி. சிறைக்கு மகனைப் பார்க்க வந்த மலைவாசித் தாய் தன் மொழியில் பேசக்கூடாது. வேறு மொழியும் தெரியாது. அப்போது விளக்கு மங்குகிறது. இருவரும் அசையாமல் இருக்க, அவர்கள் பேச்சு பதிவுசெய்த குரலாக மேலே ஒலிக்கிறது. இது ரேடியோ. முப்பது வருஷத்துக்கு முன் அந்தக் கலை அவருக்குக் கற்றுக்கொடுத்தது, தடைசெய்யப்பட்ட மொழி உயிரோடு இருக்கக்கூடிய ஒரே இடமாக மேடைக்குள் வந்து நிற்கிறது. கடைசியில், மறு உத்தரவு வரை அவள் பேசலாம் என்கிறார்கள். மகன் கெஞ்சுகிறான். அவள் பேசுவதில்லை. ஸ்டான்லியின் உடைந்த தொண்டையும் இந்தத் தாயின் வாயடைத்த மௌனமும் ஒரே வரலாறு.

பிற்கால நாடகங்கள் கோஷம் என்கிறார்கள் சிலர். எளிமை கூடியது உண்மைதான். ஆனால் 1984இல் மேடையேறிய 'ஒன் ஃபார் த ரோடு' நாடகத்தில் ஒரு அடி கூட விழுவதைக் காட்டுவதில்லை. விசாரணை அதிகாரியின் இனிமையான பேச்சுதான் முழுக்க. வன்முறை மொழிக்குள்ளேயே நடக்கிறது. 'பர்த்டே பார்ட்டி'யிலும் அப்படித்தான்.

இன்னொரு ஆட்சேபம் கனமானது. அந்த நாடகத்தையும் 1985இல் பி.பி.சி. ஒளிபரப்பியதே, இது தாராளவாத அரசின் சகிப்புத் தந்திரம் இல்லையா? ஆம், ஒரு பங்கு அதுதான். ஆனால் சகிப்புக்கும் எல்லை உண்டு. 1996இல் வடக்கு லண்டனில் 'மவுண்டன் லாங்வேஜ்' ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்த குர்து நடிகர்களைப் பொம்மைத் துப்பாக்கிகளுக்காக ஆயுதப் போலீஸ் சுற்றிவளைத்தது. பிடித்து வைத்தபோது அவர்களைச் சொந்த மொழியில் பேசக்கூடாது என்று தடுத்தது. நாடகம் துருக்கியைப் பற்றி மட்டுமல்ல, பிரிட்டனைப் பற்றியும்தான் என்று பின்ட்டர் சொல்லிவந்ததை அந்தப் போலீஸ் நடித்தே காட்டிவிட்டது.

2005இல் நோபல் பரிசு. நோயால் ஸ்டாக்ஹோம் போக முடியவில்லை. சக்கர நாற்காலியில் அமர்ந்து, ஒரு டி.வி. ஸ்டுடியோவில் உரையைப் பதிவுசெய்தார்: ஈராக் போர், அமெரிக்க வெளியுறவுக் கொள்கை, கலையில் உண்மை. ஸ்டாக்ஹோமில் திரையில் ஓடியது. பிரிட்டனில் சானல் 4இன் துணை அலைவரிசை ஒளிபரப்பியது. அவருக்கு முதல் கதவைத் திறந்த பி.பி.சி. ஒளிபரப்பவில்லை. 2008 டிசம்பர் 24இல் இறந்தார்.

நாம் எழுதுகிற, போடுகிற நாடகங்களுக்கு இதிலிருந்து கிடைப்பது பாணி அல்ல. பின்ட்டர்போல இடைவெளி விட்டுப் பேசினால் பின்ட்டர் ஆகிவிட முடியாது. எந்தக் கதவு நமக்குச் சாத்தப்பட்டிருக்கிறது, அதைச் சாத்தியது யார், திறந்திருக்கிற கதவு என்ன விலை கேட்கிறது - நாடகம் எழுத உட்காருமுன் கேட்டுக்கொள்ள வேண்டியது இதைத்தான்.