வார்சா அரச மாளிகை

வார்சா அரச மாளிகை: போலந்து நாட்டின் தலைநகராகிய வார்சாவில், விஸ்துலா ஆற்றின் இடக்கரை மேட்டின்மேல், பழைய நகரத்தின் நுழைவாயிலில் நிற்கும் சரித்திரப் பிரசித்தி வாய்ந்த கட்டடம். இரண்டாம் உலகப் போரின்போது ஜெர்மானியப் படையினர் வெடி வைத்துத் தகர்த்த இம்மாளிகையைப் போலந்து மக்கள் தம் சொந்தக் காணிக்கையைக்கொண்டு மீண்டும் எழுப்பினர். ஆதலின் இது அந்நாட்டின் தேசபக்திச் சின்னங்களுள் முதன்மையாக மதிக்கப்பெறுகிறது.

பூர்வ சரித்திரம்: மசோவியா பிரபுக்களின் கோட்டையாகத் தொடங்கிய இவ்விடத்தை, கிராக்கோவிலிருந்து தம் அரசவையை வார்சாவுக்கு மாற்றிய மூன்றாம் சிகிஸ்முண்டு மன்னர் 1598 முதல் 1619 வரை ஐங்கோண வடிவில் விரிவாக்கினார். மன்னரின் வாசஸ்தலமும் பாராளுமன்றமும் ஒரே கூரையின்கீழ் அமைந்தன. ஐரோப்பாவின் முதல் நவீன எழுத்துவடிவ அரசியல் சாசனம் எனப் பலரும் கருதும் சாசனம் 1791 மே 3ஆம் நாள் இம்மாளிகையிலேதான் நிறைவேறியது. 1795இல் அண்டை வல்லரசுகள் மூன்றும் போலந்தைப் பங்கிட்டுக்கொண்டு பூகோளப் படத்திலிருந்தே அதை அகற்றிவிட, 1918இல் விடுதலை பெற்றபின் குடியரசுத் தலைவரின் மாளிகையாக இது மீண்டும் பொலிவுற்றது. நாட்டின் வாழ்வும் தாழ்வும் இக்கட்டடத்தின் வாழ்வோடும் தாழ்வோடும் இவ்வாறு பின்னிக் கிடந்தமையாலேயே பகைவரின் கண் இதன்மேல் விழுந்தது.

அழிவு: 1939 செப்டம்பர் 17ஆம் நாள் பீரங்கிக் குண்டுகள் பாய்ந்து கூரையும் கோபுரமும் தீப்பற்றியபோது, கோபுரக் கடிகாரம் 11 மணி 15 நிமிடத்தில் நின்றுவிட்டது. மாளிகைக் கலைப்பொருள்களின் காப்பாளர் காஸிமியெர்ஸ் புரோக்கல் அன்று தம் கடமையிலேயே உயிர் நீத்தார். நகரம் வீழ்ந்தபின், தேசியப் பொருட்காட்சிசாலையின் தலைவர் ஸ்தானிஸ்லாவ் லோரென்ட்ஸும் அவருடைய துணைவர்களும் உயிருக்கு அஞ்சாமல் ஓவியங்களையும், கதவுகளையும், மரச் செதுக்கு வேலைகளையும், சுவர் அலங்காரத் துண்டுகளையும் சிறிது சிறிதாக வெளியேற்றி மறைத்து வைத்தனர். வெடிமருந்து திணிப்பதற்காகச் சுவரெங்கும் துளையிட்ட ஆக்கிரமிப்பாளர்கள் ஐந்தாண்டு காத்திருந்து, தம்மை எதிர்த்து 1944இல் மூண்ட வார்சா எழுச்சியில் பழைய நகரம் கைப்பட்டதும், செப்டம்பரில் மாளிகையைத் தரைமட்டமாக்கினர். வார்சாவின் சரித்திர மையப் பகுதியில் 85 சதவீதத்துக்கு மேல் அப்போரில் நாசமாயிற்று.

புனருத்தாரணம்: மாளிகையை மீண்டும் கட்டுவதென்று பாராளுமன்றம் 1949இல் தீர்மானித்திருந்தும், சுற்றிலுமிருந்த பழைய நகரத்தின் வீடுகள் எழுந்த பின்னரும், மாளிகை இருந்த இடம் நெடுங்காலம் வெறுமையாகவே கிடந்தது. 1971 ஜனவரியில் அரசு இசைவளித்ததும் உள்நாட்டாரும் கடல்கடந்து வாழ்ந்த போலந்தியரும் பொருளை மனமுவந்து வழங்கினர். தொழிலாளர் பலர் ஊதியமின்றி உழைத்தனர். யான் ஸக்வாத்தோவிச் முதலிய கட்டடக்கலை வல்லுநர்கள் பழைய அளவுப்படங்களையும் புகைப்படங்களையும் ஆதாரமாகக் கொண்டனர். இடிபாட்டில் கிடைத்த கல் ஒவ்வொன்றையும் அது முன்னிருந்த இடத்திலேயே பொருத்த முயன்றனர். எழுத்தாளர் ஸ்டெபான் ஜெரோம்ஸ்கி தங்கியிருந்த அறையின் சாளரத்தோடு தப்பி நின்ற சுவர்த்துண்டு ஒன்றையும் புதிய சுவருக்குள் அப்படியே இணைத்துக்கொண்டனர். கோபுரக் கடிகாரத்தை 1974 ஜூலை 19ஆம் நாள், முன்பு நின்றுபோன அதே 11 மணி 15 நிமிடத்திலேயே மீண்டும் ஓடவிட்டனர். 1984இல் மாளிகை பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது.

இன்றைய நிலை: பதினெட்டாம் நூற்றாண்டு வார்சாவை நுணுக்கமாகத் தீட்டிய பெர்னார்தோ பெல்லோட்டோவின் ஓவியங்களும், தேச வீரர் ததேயுஸ் கோஷ்சியூஷ்கோவின் இதயம் வைத்துப் போற்றப்படும் கலசமும் இங்கு உள்ளன. பழைய நகரத்தோடு சேர்த்து யுனெஸ்கோ இதனை 1980இல் உலக மரபுச் சின்னமாக ஏற்றது.

புதிதாகக் கட்டியதைப் பழையதென்று சொல்லலாமா என்று வினவுவோர் உண்டு. ஆயின், மறைத்துக் காத்த கதவும் செதுக்கு வேலையும் மீண்டும் தம் இடத்தை அடைந்த அச்சுவர்களுக்கு முன் நிற்பவருக்கு, ஒரு மாளிகையின் பழைமை கல்லில் மட்டும் அன்றி, அதனைப் பறிகொடுக்க மறுத்த மக்களின் நினைவிலும் தங்கியிருக்கிறது என்பது விளங்கும்.