யார் காசில் கட்டிய ஆஸ்பத்திரி?

தை முதல் நாள். அவனியாபுரத்தில் வாடிவாசல் திறக்கிறது. காளை சீறிக்கொண்டு வருகிறது. அடக்கப் போன இளைஞனின் வயிற்றில் கொம்பு இறங்குகிறது. அடுத்து என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். பக்கத்திலேயே மருத்துவக் குழு. காயம் பெரிசு என்றால் 108 ஆம்புலன்ஸ். கொஞ்ச நேரத்தில் மதுரை ராஜாஜி அரசு மருத்துவமனை.

இதையே ஒரு நூற்றைம்பது வருஷம் பின்னுக்குத் தள்ளிப் பாருங்கள். அவனியாபுரம் அப்போது மதுரைக்குத் தெற்கே ஒரு கிராமம். உள்ளூர் வைத்தியர் பச்சிலை அரைத்து வைத்துக் கட்டுவார். ஒடிந்த எலும்பைச் சேர்த்து வைப்பதில் கெட்டிக்காரர்கள் இருந்தார்கள். ஆனால் குடல் சரிந்தால்? பிரசவத்தில் குழந்தை குறுக்கே கிடந்தால்? அப்புறம் சாமி விட்ட வழிதான்.

அந்த இடத்தில்தான் ஒரு புது மனிதர் வந்து சேர்ந்தார். ஒரு கையில் மருந்து, மறு கையில் பைபிள். ஜனங்கள் அவரை ‘மிஷன் டாக்டர்’ என்றார்கள். மருந்தை வாங்கிக்கொள்ளலாம், சரி. அந்த இன்னொரு கை எதற்கு? இந்தச் சந்தேகம் மதுரைக்காரர்களுக்கு மட்டும் வந்ததல்ல. அந்த டாக்டர்களை அனுப்பி வைத்தவர்களுக்கே வந்தது!

கதை பாஸ்டனில் தொடங்குகிறது. அங்கே இருந்த ‘அமெரிக்கன் போர்டு’ என்ற மிஷன் சங்கம் 1816-ல் யாழ்ப்பாணத்துக்கு ஆட்களை அனுப்பியது. யாழ்ப்பாணத்திலிருந்து 1834-ல் ஒரு கிளை கடல் தாண்டி மதுரைக்கு வந்தது. பசுமலை, அமெரிக்கன் கல்லூரி என்று இன்று நீங்கள் பார்ப்பதெல்லாம் அந்தக் கிளையில் பூத்தவைதான்.

வந்தவர்களுக்கு முதலில் தேவைப்பட்டது, தங்களைக் காப்பாற்ற ஒரு டாக்டர். காலராவும் காய்ச்சலும் வெள்ளைக்காரன், உள்ளூர்க்காரன் என்று பார்ப்பதில்லையே. 1837-ல் ஜான் ஸ்டீல் என்ற டாக்டர் மதுரைக்கு வந்தார். ஐந்தே வருஷம். 1842-ல் அவரே நோயில் இறந்துபோனார். காப்பாற்ற வந்தவருக்கு மதுரை மண்ணே கடைசி இடமாகிவிட்டது.

பாஸ்டன் தலைமையின் கொள்கை தெளிவாக இருந்தது. சங்கத்தின் செயலாளர் ரூஃபஸ் ஆண்டர்சனைப் பொறுத்தவரை பிரசங்கம்தான் வேலை. பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் அதற்குத் துணை, அவ்வளவுதான். அவர் நேரில் சுற்றிப் பார்க்க வந்த 1855-ல் யாழ்ப்பாணத்தின் புகழ்பெற்ற வட்டுக்கோட்டை செமினரியே இழுத்து மூடப்பட்டது. ஒரு கிறிஸ்தவ டாக்டர் நோயாளியைக் குணப்படுத்தினால் மட்டும் போதுமா, அவனைக் கிறிஸ்தவனாகவும் ஆக்க வேண்டுமா? டாக்டர்களின் தலைமேல் இந்தக் கேள்வி கத்தி மாதிரி தொங்கியது.

இதற்கு ஒரு டாக்டர் தன் வாழ்க்கையாலேயே பதில் சொன்னார். சாமுவேல் ஃபிஸ்க் கிரீன். 1847-ல் யாழ்ப்பாணம் வந்தவர், அடுத்த வருஷமே மானிப்பாயில் உள்ளூர்ப் பையன்களுக்கு மருத்துவம் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்துவிட்டார். முதலில் ஆங்கிலத்தில். படித்து முடித்தவர்கள் என்ன செய்தார்கள்? அரசாங்க வேலை கிடைத்ததும் ஊரைவிட்டுக் கிளம்பினார்கள். (இது இப்போது நடப்பதில்லை என்று யாராவது சொல்லுங்கள் பார்ப்போம்!) கிரீன் யோசித்தார். தமிழில் படித்தவன் தமிழ்க் கிராமத்தில் இருப்பான் என்று முடிவு செய்து, 1864-ல் மருத்துவ வகுப்பை அப்படியே தமிழுக்கு மாற்றினார்.

பாடப் புத்தகம்? அதையும் அவரே செய்தார். மாணவர்களைச் சேர்த்துக்கொண்டு உடற்கூறு, அறுவை, பிரசவம், வேதியியல் என்று மொழிபெயர்த்துத் தள்ளினார். ‘இரண வைத்தியம்’, ‘மனுஷ அங்காதிபாதம்’, ‘கெமிஸ்தம்’... மொத்தம் நாலாயிரம் பக்கங்களுக்கு மேல். அவரிடம் படித்துத் தேறியவர்கள் அறுபது பேருக்கும் மேல். மாணவர்கள் கிறிஸ்தவர் ஆனாலும் கோட்டு, கால்சட்டைக்கு மாறி அரை வெள்ளைக்காரர் ஆவதை அவர் விரும்பவில்லை. நடையுடையில் தமிழர்களாகவே இருக்கட்டும் என்றார்.

இங்கே ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். கிரீன் பிறந்தது 1822. அதே 1822-ல் நல்லூரில் இன்னொருவர் பிறந்தார். ஆறுமுக நாவலர்! மிஷனரிகளிடமிருந்தே அச்சகம், பள்ளிக்கூடம், பிரசங்கம் என்ற ஆயுதங்களைக் கற்றுக்கொண்டு, அவற்றை வைத்தே மிஷனரிகளை எதிர்த்த சைவர். இந்தப் பக்கம் இவர் தமிழில் வைத்தியம் வளர்க்கிறார். அந்தப் பக்கம் அவர் தமிழில் சைவம் வளர்க்கிறார். யாழ்ப்பாணத்து ஜனங்கள் என்ன செய்தார்கள்? பெரும்பாலோர் மருந்துக்கு மானிப்பாய் போனார்கள். கும்பிடக் கோயிலுக்கே போனார்கள். ரெண்டும் ரெண்டு விஷயம் என்பதில் அவர்களுக்குக் குழப்பமே இல்லை.

மதுரையிலும் இதேதான் நடந்தது. இன்னும் ஒரு படி மேலே போனது.

1885-ல் பாலின் ரூட் என்ற பெண் டாக்டர் மதுரைக்கு வந்தார். ஆண் டாக்டர் கை வைக்கக்கூடாது என்று வீட்டுக்குள்ளேயே செத்துக்கொண்டிருந்த பெண்கள் நாட்டில் ஏராளம். சென்னை மருத்துவக் கல்லூரி பெண்களைச் சேர்க்க ஆரம்பித்து அப்போது பத்து வருஷம்தான் ஆகியிருந்தது. பெண்ணுக்குப் பெண் டாக்டர் என்பதே மதுரைக்குப் புதுசு.

1888-ல் ஃபிராங்க் வான் ஆலன் வந்தார். அறுவை சிகிச்சை டாக்டர். நோயாளிகள் கூடக் கூடப் பழைய இடம் போதவில்லை. பெரிய ஆஸ்பத்திரி கட்ட வேண்டும். பணம்? பாஸ்டனைக் கேட்கலாம். பிரசங்கத்துக்கே பணம் போதாத சங்கம் அது. வான் ஆலன் மதுரைச் சீமையிலேயே கையேந்தினார். ஜமீன்தார்களிடம் போனார். பெரிய வணிகர்களிடம் போனார். பெரும்பாலோர் இந்துக்கள். நெற்றியில் விபூதியும் நாமமும் போட்டவர்கள்.

கொடுத்தார்கள். கட்டடச் செலவில் பெரும்பகுதி உள்ளூரிலேயே திரண்டது. 1897-ல் ஆஸ்பத்திரி திறந்தது. விக்டோரியா ராணியின் பேரன் பெயரில் ஆல்பர்ட் விக்டர் ஆஸ்பத்திரி என்று பெயர் வைத்தார்கள். 1840-களில் கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டைச் சுவரை இடித்து, அகழியைத் தூர்த்து உண்டாக்கிய வெளி வீதிகள் உங்களுக்குத் தெரியும். அதில் கீழவெளி வீதியில் கிறிஸ்தவ மிஷன் ஆஸ்பத்திரியாக இன்றும் நிற்பது அதன் வாரிசுதான். மதுரைக்காரர்களுக்கு வெறும் ‘மிஷன் ஆஸ்பத்திரி’. கொடைக்கானல் போனால் வான் ஆலன் பெயரிலேயே ஓர் ஆஸ்பத்திரி இருக்கிறது.

இப்போது ஒரு நிமிஷம் நிறுத்தி யோசியுங்கள். காலையில் ஜெபம், பைபிள் வாசிப்பு, அதற்கப்புறம் மருந்து. இதுதான் மிஷன் ஆஸ்பத்திரிகளின் வழக்கம். அது தெரிந்தே மீனாட்சி ஊர்க்காரர்கள் பணம் கொடுத்தார்கள். ஏமாந்தா கொடுத்தார்கள்? ஜமீன் நடத்துகிறவரும் வட்டிக்கணக்குப் பார்க்கிறவரும் அவ்வளவு லேசில் ஏமாறுகிறவர்களா? ஜெபத்தைக் காதில் வாங்கினாலும் மனசு மாறாது என்கிற தைரியம் அவர்களுக்கு இருந்தது. ஆஸ்பத்திரி ஊருக்கு வேண்டும் என்கிற தெளிவும் இருந்தது.

அந்தப் பக்கம் டாக்டரையும் பாருங்கள். நோயாளிகளில் கிறிஸ்தவர் ஆனவர்கள் கொஞ்சம் பேர்தான். கணக்குப் பார்க்கிற ஆளாக இருந்தால், ‘இந்த ஊர் தேறாது’ என்று அடுத்த கப்பலில் ஏறியிருப்பார். ஏறவில்லை. மதுரையிலேயே இருந்து கத்தியும் கையுமாக வேலை பார்த்தார். அவருடைய விசுவாசத்துக்கு அதைவிடப் பெரிய சாட்சி வேறென்ன வேண்டும்?

பிற்பாடு காலம் மாறியது. காந்தி மிஷன் ஆஸ்பத்திரிகளின் சேவையை மதித்தார். ஆனால் சேவைக்குப் பின்னால் மதமாற்ற எண்ணம் ஒளிந்திருக்கக் கூடாது என்று திரும்பத் திரும்ப எழுதினார். 1947-ல் சுதந்திரம் வந்தது. அதே வருஷம் தென்னிந்தியத் திருச்சபை உருவாகி, மதுரை மிஷனும் அதில் கலந்தது. 1954-ல் மதுரைக்கு அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. 1976-ல் டாக்டர் கோ.வெங்கடசாமி, அரவிந்தர் மேல் உள்ள பக்தியில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். கடவுள் பெயரைச் சொல்லி வைத்தியம் பார்ப்பது ஒரு மதத்துக்கு மட்டும் சொந்தமில்லை என்பதற்கு மதுரையிலேயே அத்தாட்சி!

ஆனாலும் பழைய சந்தேகம் சாகவில்லை. 2002-ல் தமிழ்நாட்டில் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் வந்தது. ஆசை காட்டி மதம் மாற்றினால் தண்டனை. நியாயம்தானே என்று தோன்றும். அப்படியென்றால் ஏழைக்கு இலவசமாகக் கொடுக்கும் மாத்திரை ஆசை காட்டுதலா, இல்லையா? எதிர்ப்புகளுக்குப் பின் 2004-ல் அரசே அதைத் திரும்பப் பெற்றது.

அடுத்த சோதனை வேறு பக்கமிருந்து வந்தது. 1819-ல் யாழ்ப்பாணம் வந்த டாக்டர் ஜான் ஸ்கடரின் பேத்தி ஐடா ஸ்கடர், வேலூரில் வளர்த்தது சி.எம்.சி. கிராமத்து மிஷன் ஆஸ்பத்திரிகளில் வேலை செய்யும் மனசு இருக்கிறதா என்று பார்த்து மாணவர்களைச் சேர்ப்பது அதன் வழக்கம். நீட் வந்ததும் சிக்கல். 2017-ல் 100 எம்.பி.பி.எஸ். இடங்களில் ஒரே ஒருவரை மட்டும் சேர்த்துவிட்டு நீதிமன்றத்தில் நின்றது சி.எம்.சி. சிறுபான்மைக் கல்லூரிகளுக்கும் நீட் பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 2020-ல் தீர்ப்புச் சொன்னது. சேவை மனசை எந்தப் பரீட்சையில் அளப்பது? கிரீன் மானிப்பாயில் முட்டிக்கொண்ட அதே சுவர்தான் இது.

கடைசியாக ஒன்று. அந்தக் காலத்தில் மருந்துக்கு முன்னால் ஜெபம் கேட்கச் சொன்னார்கள் என்று கோபப்படுகிறோம். படலாம், தப்பில்லை. இந்தக் காலத்தில் பெரிய ஆஸ்பத்திரி வாசலில் மருந்துக்கு முன்னால் என்ன கேட்கிறார்கள்? அட்வான்ஸ்! ஜெபத்தைக் கேட்டுவிட்டு, மனசு மாறாமல் மருந்தோடு வீட்டுக்கு வந்துவிடலாம். அட்வான்ஸ் கட்ட முடியாதவன் எங்கே போவான்?

அவனுக்காகத்தான் மதுரைச் சீமைச் செல்வந்தர்கள் அன்று மதம் பார்க்காமல் பணப்பெட்டியைத் திறந்தார்கள். இன்றைக்கு யார் திறப்பார்கள்?