அசனாலெவ்வை என்பது பிழையான பெயரா?



வரவு இடாப்பில் மூத்தவாப்பாமாரின் பெயர்களை வாசித்தால் வகுப்பில் சிரிப்பு எழுகிறது. அசனாலெவ்வை, உதுமாலெவ்வை, காதர்... "அரபு தெரியாத காலத்துப் பெயர் சேர்" என்கிறார்கள் பிள்ளைகள். வீட்டில் நாம் சொல்வதைத்தானே அவர்கள் திருப்பிச் சொல்கிறார்கள். அது சரிதானா என்று கொஞ்சம் பார்ப்போம்.

தமிழுக்கென்று ஓர் ஒலி ஒழுங்கு உண்டு. பழைய இலக்கணப்படி ர, ல எழுத்துகளில் சொல் தொடங்காது. முன்னால் ஓர் 'இ' சேரும். ராமன் இராமன் ஆனது அப்படித்தான். லங்கா என்ற நம் நாட்டுப் பெயர் இலங்கை ஆனதும் அப்படித்தான். ரசூல் என்ற சொல் சீறாப்புராணத்தில் 'இறசூல்' என்று வருவதும் அதே ஒழுங்கில்தான். 'ஹ' ஒலி தமிழ் எழுத்தில் இல்லாததால் ஹஸன் அசன் ஆனார், ஹுஸைன் உசேன் ஆனார். உமர் என்ற பெயர் இறுதியில் உகரம் பெற்று உமறு ஆனது. சீறாப்புராணம் பாடிய புலவரின் பெயரே உமறுதான்.

அவர் காலத்து வள்ளல், 17ஆம் நூற்றாண்டில் தமிழ்நாட்டின் கீழக்கரையில் வாழ்ந்த செய்கு அப்துல் காதிர். அந்தப் பெயர் மக்கள் வாயில் உருண்டு உருண்டு 'சீதக்காதி' ஆயிற்று. இறந்த பின்னும் கொடுத்தவர் என்று இன்றும் பழமொழியில் வாழ்பவர் அவர்தான். பெயர் திரிந்ததால் அவருடைய மதிப்புக் குறைந்ததா?

நம் நாட்டுக்கு வருவோம். 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கிய சித்திலெப்பை, அரபுக் கல்விக்காகவும் பாடுபட்டவர். 1885இல் வெளிவந்த தமது நாவலுக்கு அவர் இட்ட பெயர் 'அசன்பே சரித்திரம்'. அவருக்கு 'ஹஸன்' தெரியாதா?

நம் முன்னோர் தமிழையே அரபு எழுத்தில் எழுதினார்கள். தமிழுக்கே உரிய ஒலிகளுக்கென அதில் தனி எழுத்துகளும் அமைத்தார்கள். அதுதான் அரபுத்தமிழ். ஓதும்போது அரபு ஒலி, வாசலில் கூப்பிடும்போது தமிழ் ஒலி. இரண்டுக்கும் அவர்களிடம் இடமிருந்தது.

ஆனால் ஒன்றில் நாம் கவனமாக இருக்க வேண்டும். அது பொருள். 'அப்துல் காதிர்' என்றால் ஆற்றலுடைய இறைவனின் அடியான். 'அப்துல்' என்று மட்டும் கூப்பிட்டால் யாருடைய அடியான் என்பது விடுபட்டுப் போகிறது. அரபில் 'கலீல்' என்றால் நண்பன்; அடிநாக்கிலிருந்து வேறு ககரத்தைச் சொன்னால் 'கொஞ்சம்' என்று பொருள். தமிழில் இரண்டையும் ஒரே மாதிரித்தான் எழுதுகிறோம். ஆகவே புதிதாகப் பெயர் வைப்பவர்கள் பொருளையும் அரபு உச்சரிப்பையும் கேட்டறிந்து வையுங்கள். அது நல்ல விடயம்.

அதற்காக மூத்தவாப்பாவின் பெயரைக் கண்டு வெட்கப்பட வேண்டாம். இன்றிரவு பிள்ளையைப் பக்கத்தில் இருத்தி, அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது, அதன் பொருள் என்ன என்று சொல்லிக் கொடுங்கள். நாளை இடாப்பு வாசிக்கும்போது அந்தப் பிள்ளை தலை நிமிர்ந்து இருக்கட்டும்.