மழையில் மூன்று தடம்

மழை விட்ட பெங்களூர் சாலையில் கார்க்காரர் பள்ளத்தை இரண்டு சக்கரங்களுக்கு நடுவே விட்டுத் தாண்டிவிடுவார். பைக்கில் வருபவருக்கு ஒரே தடம்தான், ஒடித்து ஒதுங்கிவிடுவார். ஆட்டோக்காரருக்கு இரண்டு வழியும் இல்லை. முன்னால் ஒன்று, பின்னால் இரண்டு என்று அவருக்கு மூன்று தடம். ஒரு சக்கரத்தைக் காப்பாற்றினால் இன்னொன்று இறங்கும். அதுவும் எட்டு அங்குல ரிம் கொண்ட பொடிச் சக்கரம். தண்ணீர் பள்ளத்தை மூடிவிட்டால் எது இறங்கப்போகிறது என்பதே தெரியாது.

இந்த வண்டியின் பூர்வீகம் இத்தாலி. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வெஸ்பா ஸ்கூட்டரை வடிவமைத்த கொராதினோ தஸ்கானியோதான், அதற்குப் பின்னால் இரண்டு சக்கரமும் சுமைப்பெட்டியும் வைத்து பியாஜியோ நிறுவனத்துக்காக 1948-ல் ‘ஆப்பே’ என்ற சரக்கு வண்டியை உருவாக்கினார். 125 சிசி இன்ஜின். ஓட்டுநருக்குக் கூரையும் கிடையாது, கண்ணாடியும் கிடையாது. மழை வந்தால் நனைய வேண்டியதுதான். அதே ஆண்டு பஜாஜ் குடும்பத்தின் நிறுவனம் இரண்டு சக்கர, மூன்று சக்கர வண்டிகளை இந்தியாவுக்கு இறக்குமதி செய்ய ஆரம்பித்தது. 1959-ல் இங்கேயே தயாரிக்க அரசு உரிமம் கிடைத்தது.

பெங்களூருக்கு ஆட்டோ அதற்கும் முன்பே வந்துவிட்டது. சிட்டி, கன்டோன்மென்ட் என்று பிரிந்து கிடந்த இரண்டு நகராட்சிகளும் 1949-ல்தான் ஒரே மாநகராட்சியாகின. மறு வருடம், மேயர் என்.கேசவ ஐயங்கார் காலத்தில், ஆட்டோக்கள் தெருவுக்கு வந்தன. அதுவரை ரயிலடியிலிருந்து அல்சூருக்கோ சிவாஜிநகருக்கோ போகிறவர்களில் பலருக்கு ஜட்காதான் கதி. வளைந்த கூண்டுக்குள் பரப்பிய வைக்கோல் மேல் சம்மணமிட்டு உட்கார வேண்டும். ஜட்காவுக்கு இரண்டே சக்கரம், மிச்சப் பிடிமானம் குதிரையின் காலில் இருந்தது. ஆட்டோவில் அந்தப் பிடிமானம் ஓட்டுகிறவர் கைக்கும் காலுக்கும் வந்து சேர்ந்தது.

முன்னால் ஒற்றைச் சக்கரம் இருப்பதில் ஒரு சௌகரியம் உண்டு: குறுகிய சந்திலும் வண்டி சட்டென்று திரும்பும். ஆபத்தும் அதே இடத்தில்தான். வளைவில் திரும்பிக்கொண்டே பிரேக்கை அழுத்தினால், எடை முழுவதும் முன்னால் ஒரு ஓரமாகச் சாயும். அங்கே தாங்கிப் பிடிக்கச் சக்கரம் இல்லை, உள்பக்கப் பின்சக்கரம் தரையை விட்டு எழும்பும். ஆகவே வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும், வளைவுக்குள் பிரேக்கைத் தொடக்கூடாது என்பது தொழிலின் பாலபாடம். 1977-ல் பஜாஜ் பின்பக்க இன்ஜின் ஆட்டோவைக் கொண்டுவந்தபோது இந்தக் கணக்கு கொஞ்சம் மாறியது. இழுக்கிற சக்கரங்கள் மேலேயே பாரம் இருப்பதால் சேற்றில் வண்டி நன்றாக ஏறி வந்தது. முன்சக்கரத்தில் பாரம் குறைந்ததால், ஈரத்தில் ஹேண்டில்பாரைத் திருப்பினாலும் வண்டி நேராகவே வழுக்கிப் போகிற சங்கடமும் கூட வந்தது.

கொட்டுகிற மழையைவிட முதல் தூறல்தான் மோசம். ஏப்ரல், மே மாதங்களில் வரும் மாம்பழ மழை, சாலையில் மாதக்கணக்காகச் சிந்திக் காய்ந்த ஆயிலை மேலே மிதக்கவிடும். வண்டிகளிலிருந்து ஆயில் சொட்டுவது பெரும்பாலும் லேனின் நடுவில். கார் டயர்கள் அந்தப் பட்டைக்கு இருபுறமும் ஓடும், ஆட்டோவின் முன்சக்கரமோ சரியாக அதன் மேலேயே ஓடும். எல்லோரும் நின்று கிளம்பும் சிக்னலில் வழுக்கல் இன்னும் அதிகம். முழங்கால் தண்ணீரில் இறங்கி ஏறினால் பிரேக் டிரம்முக்குள் ஈரம் போய்விடும், மிதித்தாலும் பிடிக்காது. விவரம் தெரிந்தவர் கரையேறியதும் பெடலை லேசாக அழுத்தியபடியே கொஞ்ச தூரம் உருட்டி, அந்தச் சூட்டில் லைனிங்கைக் காயவைத்துவிடுவார்.

டூ ஸ்ட்ரோக் காலத்தில் இதற்கெல்லாம் மேல் ஒரு தொல்லை, ப்ளக். பெட்ரோலோடு ஆயில் கலந்து எரியும் இன்ஜின் என்பதால் ப்ளக்கில் கரி சீக்கிரம் படியும். மழையில் ஈரமும் சேர்ந்தால் வண்டி நடுரோட்டில் நின்றுவிடும். ஓட்டுநர் இறங்கி, பின்பக்க மூடியைத் தூக்கி, ப்ளக்கைக் கழற்றித் துணியால் துடைத்து, உப்புத்தாளில் நாலு தேய் தேய்த்து மாட்டிவிட்டு, உள்ளே வந்து கைலீவரை விசுக்கென்று மேலே இழுப்பார். முன்கண்ணாடிக்குக் கையால் ஆட்டுகிற வைப்பர். ஒரு கை அதில், ஒரு கை ஆக்சிலேட்டரில். கியரும் கிளச்சும் இடது கைப்பிடியில் இருந்ததால், வைப்பரை ஆட்டுகிற நேரத்தில் கியர் மாற்ற முடியாது. பக்கவாட்டில் படுதாவை இறக்கிவிட்டால் பயணி நனையமாட்டார், ஆனால் பக்கத்தில் வருகிற பஸ் ஆட்டோக்காரர் கண்ணுக்குத் தெரியாது.

இந்த ஊருக்குக் குளிரும் உண்டு. கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 920 மீட்டர் உயரம். 1884 ஜனவரி 13-ல் வெப்பநிலை 7.8 டிகிரி வரை இறங்கியதுதான் இதுவரை பதிவான அதிகபட்சக் குளிர். மார்கழி விடியலில் காக்கிச் சட்டைக்கு மேல் ஸ்வெட்டரும் தலையில் மஃப்ளருமாக, சோக்கை இழுத்துவிட்டு வண்டியோடு மல்லுக்கட்டுவது ஸ்டாண்டுகளில் வழக்கமான காட்சியாக இருந்தது. புகையைக் குறைக்க 2000-களில் எல்பிஜி வந்து, கறுப்பு வண்டிகள் பச்சையாகின. ப்ளக் தொல்லையும் புகையும் குறைந்தன. 2018 நவம்பரில் மஹிந்திரா தன் மின்சார ஆட்டோவான ‘ட்ரியோ’வை பெங்களூரிலேயே அறிமுகப்படுத்தியது. அதில் ப்ளக்கும் இல்லை, சோக்கும் இல்லை, கிளச்சும் இல்லை. முன்னால் ஒற்றைச் சக்கரம் மட்டும் அப்படியே இருக்கிறது.

வண்டி மாறியதைவிட ஊர் அதிகமாக மாறியது. தர்மாம்புதி ஏரி மெஜஸ்டிக் பஸ் நிலையமானது. சம்பங்கி ஏரி கண்டீரவா ஸ்டேடியமானது. மழைத்தண்ணீர் பழைய விலாசத்தை மறக்கவில்லை. 2022 செப்டம்பர் 5-ம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் 131.6 மில்லிமீட்டர் கொட்டியபோது, வெளிவட்டச் சாலை ஐ.டி. ஊழியர்கள் டிராக்டரில் ஏறி வேலைக்குப் போனார்கள். அத்தனை ஆழத்தில் ஆட்டோ இறங்க முடியாது. ஓரளவு தண்ணீர் என்றால் முதல் கியரில், ஆக்சிலேட்டரை விடாமல், நடுவில் கியர் மாற்றாமல் ஒரே மூச்சில் கடக்க வேண்டும். வேகம் தளர்ந்தால் சைலன்சர் வழியாகத் தண்ணீர் ஏறிவிடும்.

இந்த வித்தைக்கென்று அரசு விலை வைத்ததில்லை. 2025 ஆகஸ்டில் அமலுக்கு வந்த கட்டணப்படி முதல் 2 கிலோமீட்டருக்கு 36 ரூபாய், அப்புறம் கிலோமீட்டருக்கு 18 ரூபாய். இரவு 10 மணியிலிருந்து காலை 5 வரை ஒன்றரை மடங்கு. காத்திருந்தால் அதற்கும் கட்டணம் உண்டு. மழைக்கு மட்டும் அந்தப் பட்டியலில் இடம் இல்லை. அதனால் அந்தக் கணக்கு ரோட்டோரத்தில்தான் தீர்கிறது. “மீட்டர் மேல முப்பது குடுங்க சார், அண்டர்பாஸ் ஃபுல்லா தண்ணி” என்பார் அல்சூர் ஸ்டாண்டில் ஒருவர். அநியாயம் என்று சவாரிக்கு வந்தவர் முணுமுணுப்பார். இன்ஜினுக்குள் தண்ணீர் போனால் மெக்கானிக் செலவோடு மறுநாள் ஓட்டமும் போச்சு என்பதைச் சேர்த்துத்தான் ஓட்டுநர் அந்த முப்பதைக் கேட்கிறார்.