பற்றாக்குறையின் இடமாற்றம்: 'ஆர்மர்ட் கோர்' தொடரில் ஆட்டமுறையின் வளர்ச்சி (1997–2023)

ஆய்வுப் பொருளும் எல்லையும்

வீடியோ கேம் தொடர்களின் வரலாறு பெரும்பாலும் ஒரே பாணியில் எழுதப்படுகிறது. முதல் ஆட்டம் கரடுமுரடானது. அடுத்தடுத்து வந்தவற்றில் காட்சி துலங்கியது, கட்டுப்பாடு இலகுவானது, வேகம் கூடியது. கடைசியாக வந்தது முழுமை பெற்றது என்று முடியும் வரலாறு அது. ராட்சத ரோபோக்களை மையமாகக் கொண்ட ஜப்பானின் 'ஆர்மர்ட் கோர்' தொடரை இந்த அளவுகோலால் அளக்க முடியாது. இத்தொடரில் வேகம் கூடியிருக்கிறது, வேண்டுமென்றே குறைக்கப்பட்டும் இருக்கிறது. எளிதாகிய கட்டுப்பாட்டோடு ஒரு புதிய தண்டனையும் சேர்ந்தே வந்திருக்கிறது.

ரோபோவைப் பாகம் பாகமாகத் தேர்ந்து பூட்டுவது இத்தொடர் முழுவதும் மாறாத செயல். அந்தத் தேர்வுக்கு எல்லை வகுக்கும் பற்றாக்குறை மட்டும் ஆட்டத்துக்கு ஆட்டம் இடம் மாறியது என்பதே இக்கட்டுரையின் வாதம். 1997 முதல் 2023 வரை வெளியான முதன்மை ஆட்டங்களும், ஆட்டமுறையில் திருப்பம் கண்ட துணை வெளியீடுகளும் இங்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன. கதையம்சம், ஆட்ட விதியைத் தொடும் இடத்தில் மட்டுமே பேசப்படுகிறது.

கடனும் கைத்திறனும்: 1997–1999

டோக்கியோவைச் சேர்ந்த ஃபிரம் சாஃப்ட்வேர் 1986இல் தொடங்கப்பட்டபோது அலுவலகங்களுக்கான மென்பொருள் எழுதும் நிறுவனம். 1994இல் 'கிங்ஸ் ஃபீல்ட்' மூலம் விளையாட்டுத் துறைக்கு வந்தது. 1997 ஜூலையில் பிளேஸ்டேஷனுக்காக 'ஆர்மர்ட் கோர்' வெளியானது. 'மேக்ராஸ்' அனிமேயால் புகழ்பெற்ற ஷோஜி கவாமோரி இயந்திரங்களை வடிவமைத்தார்.

ஆட்டக்காரர் ஒரு கூலிப்படை வீரர். பெருநிறுவனங்கள் தரும் பணிகளை ஏற்று, கிடைக்கும் பணத்தில் தலை, உடல், கை, கால், ஜெனரேட்டர், பூஸ்டர், ஆயுதம் என்று வாங்கிப் பூட்டுகிறார். இங்கே இரண்டு வரம்புகள் உண்டு. கால்கள் தாங்கும் எடைக்கு மேல் எதையும் ஏற்ற முடியாது. ஜெனரேட்டர் தரும் ஆற்றலுக்கு மேல் எதையும் இயக்க முடியாது. கால்களிலும் இரட்டைக் கால், பின்னோக்கி மடியும் கால், நான்கு கால், டாங்கிச் சக்கரம் என்று வகைகள் இருந்தன. முதுகில் ஏற்றிய பெரும் பீரங்கியைச் சுட இரட்டைக்கால் ரோபோ மண்டியிட்டு நிற்க வேண்டும். நான்கு காலும் டாங்கியும் ஓடிக்கொண்டே சுடலாம். ஆகவே, கால் வகையைத் தேர்ந்தெடுக்கும்போதே போர் முறையும் முடிவாகிவிடுகிறது.

முதல் ஆட்டத்தின் முதன்மையான பற்றாக்குறை பணம். சுட்ட தோட்டாவுக்கும் சிதைந்த கவசத்துக்கும் ஆன செலவு, பணிக்கூலியில் கழிக்கப்படும். வென்றும் நட்டத்தில் திரும்பலாம். அதே வேளையில், வாங்கிய பாகத்தை வாங்கிய விலைக்கே விற்கவும் முடிந்தது. சுடுவதற்குச் செலவு, மாற்றிப் பார்ப்பதற்குச் செலவில்லை என்ற இந்த ஏற்பாடுதான் ஆட்டக்காரர்களை மறுபடி மறுபடி பணிமனைக்கு இழுத்தது. கடன் 50,000 கிரெடிட்டைத் தாண்டினால் வீரர் உடல்மாற்றப் பரிசோதனைக்கு அனுப்பப்பட்டு, ஆட்டம் மீண்டும் தொடங்கும். 'ஹியூமன் பிளஸ்' எனப்பட்ட இந்த மாற்றத்துக்குப் பின் மண்டியிடாமலேயே பீரங்கியைச் சுடலாம். தடுமாறும் ஆட்டக்காரருக்கு இது கைகொடுக்கும் விதி. மனித உடலைக் கடனுக்கு ஈடாக எடுத்துக்கொள்ளும் உலகத்தைப் பற்றிய விமர்சனமும் அதுவே.

இரண்டாவது பற்றாக்குறை பார்வை. அனலாக் ஸ்டிக் இன்றி, திசைப் பொத்தான்களால் நடந்து, திரும்பி, கன்ட்ரோலரின் தோள் பொத்தான்களால் பக்கவாட்டில் நகரவும் மேலும் கீழும் பார்க்கவும் வேண்டியிருந்தது. பின்னாளில் இது வன்பொருளின் குறையாக மட்டுமே பேசப்பட்டது. ஆனால் ரோபோ திரும்பும் வேகம் கால்களின் பண்பாகவும், எதிரியைக் குறிவைக்கும் கட்டத்தின் அளவு தனியொரு பாகத்தின் பண்பாகவும் விற்கப்பட்டன. எதிரியைக் கண்முன் நிறுத்துவது கடினமாக இருந்ததால்தான் அந்தப் பாகங்களுக்கு மதிப்பிருந்தது. அதே 1997இல் வந்த 'புராஜெக்ட் ஃபேன்டஸ்மா' ஒற்றைக்கு ஒற்றை மோதும் அரங்கத்தைச் சேர்த்தது. 1999இன் 'மாஸ்டர் ஆஃப் அரீனா' அதை விரிவாக்கியது.

வெப்பத்தின் வருகை: 2000–2005

பிளேஸ்டேஷன் 2க்கு 2000இல் வந்த 'ஆர்மர்ட் கோர் 2', களத்தைச் செவ்வாய்க் கோளுக்கு மாற்றியது. குறுகிய நேரம் பெருவேகத்தில் பாயும் 'ஓவர்ட் பூஸ்ட்' இதில் அறிமுகமானது. கூடவே வெப்பத்தைத் தணிக்கும் ரேடியேட்டர் என்ற புதிய பாகமும் வந்தது. வேகத்தைக் கொடுத்த அதே ஆட்டம் வெப்பத்தையும் கணக்கில் கொண்டுவந்ததைக் கவனிக்க வேண்டும். 2002இல் வந்த 'ஆர்மர்ட் கோர் 3' ஆட்டத்தில் களத்திலேயே ஆயுதத்தைக் கழற்றி எறிய முடிந்தது. பணிமனையில் நிர்ணயித்த எடை முதன்முறையாகப் போரின் நடுவே மாறக்கூடியதாயிற்று.

இக்கட்டுரையின் வாதத்துக்கு மிகத் தெளிவான சான்று 2004இன் 'நெக்ஸஸ்'. இரண்டு அனலாக் ஸ்டிக்குகளால் நடக்கவும் பார்க்கவும் வழிசெய்த முதல் ஆட்டம் இது. அதுவரை விரல்களைப் பின்னிக்கொண்டு செய்த வேலை இயல்பாகிவிட்டது. பார்வை என்ற பற்றாக்குறை தளர்ந்த அதே ஆட்டத்தில் வெப்பம் என்ற பற்றாக்குறை இறுகியது. பூஸ்டரைத் தொடர்ந்து பயன்படுத்தினாலே ரோபோ கொதித்தது. கொதிப்பைத் தணிக்க ஆற்றல் செலவானது. ஆற்றல் தீர்ந்ததும் எதிரியின் முன் அசைவற்று நிற்க நேர்ந்தது. பழைய ஆட்டக்காரர்கள் பலர் இதைக் கசப்போடு ஏற்றார்கள். 2005இன் 'லாஸ்ட் ரேவன்', கை, கால், தலை ஆகியவை தனித்தனியே சிதையும் விதியைச் சேர்த்துக் கடுமையை உச்சத்துக்குக் கொண்டுபோனது.

இதே காலத்தில் ஒரு துணிச்சலான சோதனையும் நடந்தது. 2004 டிசம்பரில் பிஎஸ்பி கருவிக்கு வந்த 'ஃபார்முலா ஃபிரண்ட்', அதன் ஜப்பானிய மூல வடிவில், ரோபோவை ஓட்டும் உரிமையையே ஆட்டக்காரரிடமிருந்து எடுத்துவிட்டது. ரோபோவைப் பூட்டி, அதன் செயற்கை அறிவுக்கு நடத்தையைக் கற்பித்துவிட்டு, மோதலை வேடிக்கை பார்ப்பதே ஆட்டம். நேரடியாக ஓட்டும் வசதி பிறகு வந்த பன்னாட்டுப் பதிப்பில்தான் சேர்ந்தது. ஓட்டுவதை நீக்கிய பிறகும் இது 'ஆர்மர்ட் கோர்' ஆகவே இருந்தது. பூட்டுவதை நீக்க இத்தொடரின் எந்த முதன்மை ஆட்டமும் துணியவில்லை. தொடரின் அடிமரம் எது என்பதை இந்த ஓரத்துச் சோதனையே காட்டிக்கொடுக்கிறது.

வேகத்தின் உச்சம்: 2006–2008

பின்னாளில் 'டார்க் சோல்ஸ்' மூலம் உலகப் புகழ்பெற்ற ஹிதேதாகா மியாசாகி இயக்கிய 'ஆர்மர்ட் கோர் 4' 2006இல் வந்தது. வெப்பக் கணக்கு அகற்றப்பட்டது. ஒரு பொத்தானை அழுத்தினால் ரோபோ எத்திசையிலும் கணப்பொழுதில் பாயும் 'குயிக் பூஸ்ட்', ஆட்டத்தின் இலக்கணத்தையே மாற்றியது. இரும்பு மலையை நகர்த்தும் உணர்வு போய்விட்டது. 'கோஜிமா துகள்' என்ற கற்பனைப் பொருளால் ஆன தற்காப்புப் படலம், அடிபட்டாலும் தானே மீண்டு வந்தது.

பழைய தட்டுப்பாடுகள் இவ்வளவு தளர்ந்தபின் எஞ்சியது மனிதக் கண்ணின் எல்லை. எதிரி திரையை விட்டு மறையும் வேகத்துக்கு ஈடுகொடுக்கும் எதிர்வினை நேரமே புதிய செல்வமாயிற்று. 2008இன் 'ஃபார் ஆன்சர்' இதை இன்னும் நீட்டியது. தற்காப்புப் படலத்தையே வெடிக்கச் செய்து தாக்கலாம். ஆனால் அதன்பின் சிறிது நேரம் ரோபோ காப்பின்றி நிற்கும். 'ஸ்பிரிட் ஆஃப் மதர்வில்' போன்ற நடமாடும் கோட்டைகளை நெருங்க, முதுகில் மாட்டிய ராட்சத உந்துகலத்தில் குண்டு மழைக்கு ஊடே பாய்ந்து, அருகில் போனதும் அதைக் கழற்றி எறிய வேண்டும். ரோபோ இவ்வளவு விரைவானதும் அதற்கு ஈடாக எதிரியின் உருவத்தைப் பெருக்க வேண்டியிருந்தது.

ஆள்பலம் என்ற வரம்பு: 2012–2013

நான்காம் தலைமுறை தந்ததை 'ஆர்மர்ட் கோர் வி' ஏறத்தாழ முழுவதுமாகத் திரும்ப வாங்கிக்கொண்டது. ரோபோக்கள் ஏறத்தாழ ஐந்து மீட்டர் உயரத்துக்குச் சிறுத்தன. வானில் தடையின்றி ஏறும் வசதி போய், கட்டடச் சுவர்களை உதைத்தே மேலேற வேண்டியதாயிற்று. நகரின் தெருக்களும் கூரைகளும் உண்மையான நிலப்பரப்பாயின. உளவு பார்க்கும் நிலை, போரிடும் நிலை என்று ரோபோவின் இயக்கம் இரண்டாகப் பிரிந்தது. உளவு நிலையில் சுட முடியாது.

சேதம் மூன்று வகையாகப் பிரிக்கப்பட்டது. மூன்றையும் தாங்கும் ரோபோவை எவராலும் பூட்ட முடியாது. ஒருவரின் பணிமனை தீர்க்க முடியாத அந்தக் கணக்கைக் குழுதான் தீர்க்க வேண்டும். நால்வர் களத்தில் இறங்க, ஐந்தாமவர் வரைபடத்தைப் பார்த்து வழிநடத்துவார். நிலப்பகுதிகளைக் கைப்பற்றும் இணையப் போரே ஆட்டத்தின் மையம்.

இந்த வரம்பு மற்றவற்றிலிருந்து வேறுபட்டது. பணமும் வெப்பமும் விதிக்குள் அடங்கியவை. கூட்டாளி விதிக்கு வெளியே இருப்பவர். ஆள் கிடைக்காத இரவில் ஆட்டமும் இல்லை. 2013இன் 'வெர்டிக்ட் டே' இதை உணர்ந்ததுபோல், நடத்தையைக் கற்பித்துக் களமிறக்கும் ஆளில்லா ரோபோக்களைத் தந்தது. 'ஃபார்முலா ஃபிரண்ட்' சோதித்த யோசனை, ஆள் பற்றாக்குறைக்கு மருந்தாகத் திரும்பி வந்தது. 2024இல் இவ்விரு ஆட்டங்களின் சர்வர்களும் மூடப்பட்டபோது அவற்றின் மையப்பகுதி விளையாட முடியாததாகிவிட்டது.

நிலைகுலைவின் கணக்கு: 2023

பத்தாண்டு இடைவெளிக்குப் பின், 2023 ஆகஸ்ட் 25 அன்று 'ஆர்மர்ட் கோர் 6: ஃபயர்ஸ் ஆஃப் ரூபிகான்' வெளியானது. இயக்குநர் மசாரு யாமாமுரா, 2019இன் 'செகிரோ'வில் முதன்மை ஆட்ட வடிவமைப்பாளராக இருந்தவர். எதிரியைத் தானாகவே பின்தொடர்ந்து குறிவைக்கும் உதவி இப்போது உண்டு. 1997இல் அத்தனை பாடுபட்டுச் செய்த வேலையை ஒரு பொத்தான் ஏற்றுக்கொண்டது.

அப்படி விடுபட்ட கவனத்தை நிறைக்க வந்தது நிலைகுலைவு அளவி. ஒவ்வோர் அடிக்கும் அந்த அளவி ஏறும். அடி ஓய்ந்தால் மெல்ல இறங்கும். நிரம்பிவிட்டால் ரோபோ தடுமாறி நிற்க, அந்தச் சில நொடிகளில் விழும் அடிகள் பன்மடங்கு வலுப்பெறும். இரு கைகளிலும் இரு தோள்களிலுமாக நான்கு ஆயுதங்களைப் பூட்டும்போது, எது அளவியை நிரப்பும், எது நிரம்பியபின் அறுவடை செய்யும் என்று பிரித்து யோசிக்க வேண்டும். எதிரியின் தோரணையை உடைத்தபின் வீழ்த்தும் 'செகிரோ'வின் வாள்போரோடு இதற்குள்ள உறவு வெளிப்படையானது. ஆனால் அங்கே ஒரே வாள். இங்கே தாளத்தை ஆட்டக்காரரே பணிமனையில் அமைத்துக்கொள்கிறார்.

தோல்வியின் பொருளும் மாறியது. முதல் ஆட்டத்தில் தோல்வி கடனாகக் குவிந்தது. இங்கே வீழ்ந்த இடத்திலேயே, கைவசமுள்ள பாகங்களை மாற்றிப் பூட்டி, பணியின் நடுவிலுள்ள சோதனைப் புள்ளியிலிருந்து மீண்டும் மோதலாம். முதல் அத்தியாயத்தின் முடிவில் வரும் 'பல்தியஸ்' என்ற எதிரி பலரைத் தடுத்து நிறுத்தியது. அடுத்த மாதமே ஒரு திருத்தத்தில் அதன் கடுமை குறைக்கப்பட்டது. 'ஹியூமன் பிளஸ்' விதி மறைந்து, அதன் கரு கதைக்குள் போய்விட்டது. கதாநாயகரே உடல்மாற்றம் செய்யப்பட்டவர். 621 என்ற எண்ணால் அழைக்கப்படுபவர்.

முடிவுரை

மேற்கண்ட வரலாற்றிலிருந்து இரண்டு முடிவுகளுக்கு வரலாம். முதலாவது, இத்தொடரில் எளிமை தனித்து வந்ததில்லை. பார்வை எளிதானபோது வெப்பம் இறுகியது. வெப்பம் நீங்கியபோது வேகம் கண்ணை மிஞ்சியது. வேகம் கட்டுக்குள் வந்தபோது ஆள்பலம் தேவைப்பட்டது. குறிவைத்தல் தானியங்கியானபோது நிலைகுலைவு வந்தது. பூட்டுதல் ஒரு கேள்விக்கு விடையாக இருந்தால்தான் சுவைக்கும். எல்லாவற்றையும் பெற்ற ரோபோவுக்குப் பணிமனை தேவையில்லை.

இரண்டாவது, எல்லாப் பற்றாக்குறைகளும் ஒரே தரத்தவை அல்ல. எடை, ஆற்றல், வெப்பம், நிலைகுலைவு ஆகியவற்றை ஆட்டக்காரர் தனியே அமர்ந்து எண்ணித் தீர்க்கலாம்; அந்த ஆட்டங்கள் இன்றும் விளையாடத்தக்கவை. ஆள்பலத்தை நம்பிய ஆட்டங்கள் சமூகம் கலைந்ததும் ஊனமாயின. ஒரு தொடரின் வளர்ச்சியை மதிப்பிட, எதை எளிதாக்கினார்கள் என்று கேட்பதோடு, அதற்கு ஈடாக எதை அரிதாக்கினார்கள், அந்த அருமை யார் கையில் இருக்கிறது என்றும் கேட்க வேண்டும். தலைமுறை வரிசையைக் காட்டிலும் ஒரு தொடரின் வடிவமைப்பைத் தெளிவாக விளக்கக்கூடியவை இந்தக் கேள்விகள்தான்.