செவிஞே அம்மையாரின் ஊர்ச்செய்திகள்

பிரெஞ்சு உரைநடையின் வரலாற்றில் செவிஞே அம்மையாருக்கு (1626–1696) நிலையானதோர் இடம் உண்டு. பதினான்காம் லூயி மன்னனின் அரசவையைக் கண்முன் நிறுத்தியவர் என்றே அவரைப் பொதுவாகப் போற்றுவர். எனினும், அவர் பிரித்தனி மாநிலத்துச் சிறுநகர் ஒன்றின் அருகிலிருந்து மகளுக்கு எழுதிய கடிதங்களை வரலாற்று நோக்கில் படிக்கும்போது, அரசவைச் செய்திகளினும் அவை கனமானவை என்பதை நாம் உணர்கிறோம்.

ஏழு வயதுக்குள் தந்தையையும் தாயையும் இழந்தவர் செவிஞே. 1651இல் கணவரும் ஓர் இருவர் போரில் மடிந்தார். மகள் பிரான்சுவாஸ் மார்கரீத்தே அதன்பின் அவருடைய வாழ்வின் மையமானாள். 1669இல் அவளைக் கிரிஞான் பிரபு மணந்தார். அதே ஆண்டில் தெற்கே புரோவான்ஸ் மாநிலத்தில் மன்னரின் பிரதிநிதியாக அவர் அமர்த்தப்பட்டார். 1671 பிப்ரவரியில் மகள் பாரிசை விட்டுப் புறப்பட்டாள். ஓரிரு நாளிலேயே தாய் எழுதத் தொடங்கிவிட்டார். அடுத்த 25 ஆண்டுகளில் இருவரும் பிரிந்திருந்த காலம் ஏறத்தாழ எட்டு ஆண்டுகளே. இன்று எஞ்சியுள்ள ஆயிரத்து நூறுக்கும் மேற்பட்ட கடிதங்களில் மூன்றில் இரண்டு பங்கு மகளுக்கு எழுதியவை. அவை இவ்வெட்டு ஆண்டுகளில் விளைந்தவை.

வித்ரே என்னும் சிறுநகரை அடுத்த லே ரோஷே, கணவர் வழி வந்த பண்ணை. செலவைச் சுருக்கவும் கணக்கு வழக்குகளைச் சீர்செய்யவும் அம்மையார் அவ்வப்போது அங்கே தங்குவார். தாம் நட்ட மரங்களின் வளர்ச்சி, தோட்டக்காரரின் பேச்சு, வந்துபோன அண்டை வீட்டார், மழை, உடல்நலம் என்று அனைத்தையும் மகளுக்கு எழுதினார். 1671 ஆகஸ்டில் மாநில மன்றம் வித்ரேயில் கூடியது. பெருவிருந்துகள் நடந்தன. அடுக்கடுக்காய்க் கோபுரம்போல் உயர்த்திய பழத்தட்டுகள் வாசற்படியில் இடித்துக் கவிழ்ந்ததையும், அந்த ஓசையில் வாத்தியங்களே அடங்கிப்போனதையும் அவர் சிரிக்கச் சிரிக்க எழுதினார். மகள் சிரிக்க வேண்டும் என்பதே அங்கே முதல் நோக்கம். ஆனால் அம்மன்றம் கூடியது மன்னருக்குப் பணம் வழங்குவதற்காக என்பதை நாம் மறந்துவிடலாகாது.

நான்கு ஆண்டுகள் கழித்து அதன் மறுபக்கம் வெளிப்பட்டது. ஒல்லாந்துப் போருக்குப் பணம் வேண்டி முத்திரைத்தாள், புகையிலை, ஈயப் பாத்திரம் ஆகியவற்றின்மேல் அரசு வரி விதித்தது. 1675இல் ரென் நகரில் கலகம் மூண்டது. கோடையில் மேற்குப் பிரித்தனியின் உழவர்களும் கிளர்ந்தெழுந்தனர். அக்டோபரில் ஆளுநர் ஷோன் கோமகன் படையோடு ரென் நகருக்குள் நுழைந்தார். அப்போது அம்மையார் லே ரோஷேயில் இருந்தார். ஒரு தெரு முழுவதும் விரட்டப்பட்டு, முதியவரும் அண்மையில் பிள்ளை பெற்ற பெண்களும் குழந்தைகளும் போக்கிடமின்றி அலைந்ததை அவர் எழுதினார். கலகத்தைத் தொடங்கியதாகக் கருதப்பட்ட பிடில்காரன் சக்கரத்தில் வைத்து முறிக்கப்பட்டதையும், சிப்பாய்கள் ஒரு குழந்தையைக் கம்பியில் கோத்த கொடுமையையும் கேட்டுத் தெரிவித்தார். மாநில உயர்நீதிமன்றமோ வான் என்னும் ஊருக்குத் தண்டனையாக மாற்றப்பட்டு 1690 வரை அங்கேயே இருந்தது.

இச்செய்திகளுக்கு இடையிலேயே மரங்களும் வருகின்றன. பேரக்குழந்தைகளின் நலமும் வருகிறது. தூக்குத் தண்டனைகளைப் பற்றிய கேலியும் சில இடங்களில் வருகிறது. படிப்பவர் திடுக்கிடுகிறோம். இரக்கமற்றவர் என்று அவரைச் சாடியோர் உண்டு. கடிதங்கள் அஞ்சலில் பிரிக்கப்படக்கூடும் என்னும் அச்சத்தால் எள்ளலுக்குள் ஒளிந்தார் என்போரும் உண்டு. ஆளுநரும் அவர் மனைவியும் அவருடைய நண்பர்கள் என்பதையும் நாம் சேர்த்து எண்ண வேண்டும்.

இவற்றினும் முதன்மையான ஒன்று உண்டு. கிரிஞான் பிரபுவும் ஆண்டுதோறும் புரோவான்ஸ் மன்றத்திடம் மன்னருக்காகப் பணம் கேட்கும் பொறுப்பில் இருந்தவர். ஷோன் கோமகனின் வேலையே மருமகனின் வேலை. எனவே ரென் நகரத்துச் செய்தி மகளின் வீட்டுக்கு அயல்செய்தி அன்று. ஆட்சியாளரை மக்கள் வெறுக்கத் தொடங்கினால் என்ன நேரும் என்பதை, அறிவுரை போலத் தோன்றாமல், ஊர்க்கதையாகவே தாய் சொல்லிவிடுகிறார். பண்ணைக்குக் குத்தகை வராது, தம் வருவாயும் சுருங்கும் என்ற கவலையும் அதில் கலந்திருக்கிறது. அவர் இரங்கினார், எனினும் அவர் நின்றது ஆள்வோர் பக்கமே. இரண்டும் ஒரே கடிதத்தில் இருப்பதுதான் அதன் உண்மை.

1676 சனவரியில் கீல்வாதத்தால் கை வீங்கியபோதும் செய்தி நிற்கவில்லை. அவர் சொல்ல மகன் ஷார்ல் எழுதினார். மகளின் விடைகள் மட்டும் நமக்குக் கிட்டவில்லை. பேத்தி பொலீன் அவற்றை அழித்துவிட்டாள் என்பதே அறிஞர் கருத்து. தாயின் கடிதங்களும் 1734 முதல் வெளிவந்த பெரேன் பதிப்பில் மெருகேற்றப்பட்டே அச்சாயின. மூலத்துக்கு நெருங்கிய பழைய கையெழுத்துப் படியொன்று 1873இல் திழோன் நகரில் கிடைத்த பின்னரே அவருடைய இயல்பான குரலை நம்மால் ஓரளவு கேட்க முடிந்தது.

ரென் நகரத்து ஆவணங்கள் தண்டனைகளைப் பட்டியலிடுகின்றன. தெருவில் நின்ற, அண்மையில் பிள்ளை பெற்ற பெண்ணை நமக்குக் காட்டுவது ஒரு தாயின் கடிதம். அதை அவர் வரலாற்றுக்காக எழுதவில்லை. தம் மகளுக்காக எழுதினார். கடிதத்தைச் சான்றாகக் கொள்ளும் எவரும், எழுதியவர் யார் என்பதோடு, யாருக்காக எழுதினார் என்பதையும் கேட்டாக வேண்டும் என்று நாம் சொல்வது இதனால்தான்.